வங்கியின் பெயரிலேயே வந்த போலிக் குறுஞ்செய்தி: எதை வைத்து இனம் காண்பது?

மாலைக்கதிர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாரின் கைபேசிக்கு நேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும், விவரங்களைப் புதுப்பிக்க இங்கே அழுத்தவும்" என்று இரண்டே வரி, அதன்கீழ் ஓர் இணைப்பு. இத்தகைய செய்திகள் எங்களுக்குப் புதியவை அல்ல. வழக்கமாக அழித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். இம்முறை என்னைக் குழப்பியது, அது ஏதோ ஓர் அறியாத எண்ணிலிருந்து வரவில்லை என்பதுதான். அவருடைய வங்கி இத்தனை காலமும் ஓடிபி அனுப்பிவரும் அதே பெயரில், அதே செய்தித் தொடரில், முந்தைய நாள் வந்த உண்மையான பரிவர்த்தனைத் தகவலுக்கு நேர்கீழே அது வந்து அமர்ந்திருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இணைப்பின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' இருந்தது. முகவரிக்குள் வங்கியின் பெயரும் இருந்தது.

அப்பா அதை அழுத்தவில்லை. என்னிடம் காட்டி, "இது மெய்யா, பொய்யா?" என்று கேட்டார். பொய் என்று உடனே சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னாய் என்று அவர் அடுத்துக் கேட்டபோது என்னிடம் ஒழுங்கான விடை இல்லை.

உண்மையான வங்கிச் செய்திகளின் தொடருக்குள் மோசடிச் செய்தி எப்படி நுழைய முடிகிறது? வங்கியின் கணினிக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளா? இத்தகைய முகவரிக்கு அருகே உலாவி காட்டும் பூட்டுச் சின்னத்தை இனி நம்பக் கூடாதா? எழுபது வயதைக் கடந்த ஒருவர், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்திலும் தாமே பார்த்து முடிவு செய்துகொள்ளும்படி, போலிச் செய்தியின் அடையாளங்களை ஒரு தாளில் எழுதித் தர எண்ணியிருக்கிறேன். அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

பழைய மோடம்

வங்கியின் கணினிக்குள் யாரும் புகுந்திருக்கத் தேவையில்லை. நிறுவனங்கள் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும்போது, அனுப்புநர் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 11 எழுத்துகள் வரை கொண்ட ஒரு பெயரை இட்டுக்கொள்ளும் வசதி உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர்தான் அதை இடுகிறாரா என்று சரிபார்க்கும் கடமை குறுஞ்செய்தி முறைமையின் அடிப்படை அமைப்பிலேயே இல்லை. சில நாடுகளில் பெயர்களைப் பதிவு செய்த பிறகே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு வந்திருக்கிறது. பல இடங்களில் அதுவும் கிடையாது. உங்கள் கைபேசி செய்வதெல்லாம், ஒரே பெயரில் வந்தவற்றை ஒரே தொடராக அடுக்கிக் காட்டுவது மட்டும்தான். ஆகவே வங்கியின் பெயரை இட்டு யார் அனுப்பினாலும் அது அந்தத் தொடருக்குள்தான் போய்ச் சேரும். மேலே இருக்கும் பத்து செய்திகள் உண்மையானவை என்பது பதினோராவது செய்திக்குச் சான்று ஆகாது.

இன்னொரு வழியும் உண்டு. மோசடிக்காரர்கள் போலியான கைபேசிக் கோபுரம் போலச் செயல்படும் ஒரு கருவியை வண்டியில் வைத்துக்கொண்டு நெரிசலான தெருக்களில் சுற்றி வந்து, அருகிலுள்ள கைபேசிகளைத் தற்காலிகமாக 2ஜி என்ற பழைய தலைமுறை இணைப்புக்கு இறக்கி, நேரடியாகச் செய்தியைத் திணித்துவிடுகிறார்கள். 2ஜி முறையில் கோபுரம்தான் கைபேசியைச் சோதிக்குமே தவிர, கோபுரம் உண்மையானதா என்று கைபேசி சோதிப்பதில்லை. இப்படி வரும் செய்தி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகவே வருவதில்லை என்பதால், அங்கே உள்ள வடிகட்டிகளால் அதைத் தடுக்கவும் முடியாது. 2021-இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 முதல், ஆதரவுள்ள கைபேசிகளில் 2ஜி-யை நிறுத்திவைக்கும் அமைப்பு இருக்கிறது. உங்கள் பகுதியில் 2ஜி மட்டுமே கிடைக்கும் நிலை இல்லை என்றால் அதை நிறுத்திவைப்பது நல்லது.

பூட்டுச் சின்னம் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது குறிக்கிறது. அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை. அந்தப் பூட்டைப் பெறத் தேவையான தளச் சான்றிதழ்கள் இப்போது இலவசமாகவும் நொடிகளிலும் கிடைப்பதால் மோசடித் தளங்களிலும் பூட்டு இருக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்காகவே கூகுள் நிறுவனம் 2023 செப்டம்பரில் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். அடையாளப் பட்டியல் எழுதித் தர வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்துப்பிழை, கொச்சையான மொழி, அறியாத எண், விசித்திரமான இணைப்பு என்று நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அடையாளங்களை மோசடிக்காரர்களும் படித்துவிட்டார்கள். பிழையில்லாத நடையை எழுதித் தரும் மென்பொருள்கள் இன்று யாருக்கும் கிடைக்கின்றன. பட்டியலை வைத்துச் சோதிப்பவர், பட்டியலில் உள்ள குறை ஒன்றும் இல்லாத போலிச் செய்தியை முன்னைவிட உறுதியாக நம்பிவிடுவார். உங்கள் தந்தையார் மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி செய்வதுதான் சரி. செய்தி எதைச் சொன்னாலும், அது காட்டும் வழியில் போகாமல், தமக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் போய்ப் பார்க்கட்டும். கணக்கு முடக்கப்படும் என்று வந்தால் கைபேசியில் உள்ள வங்கிச் செயலியைத் தாமே திறந்து பார்க்கட்டும். பேச வேண்டும் என்றால் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்கட்டும். செய்தி உண்மையாக இருந்தால் அங்கேயும் அந்த அறிவிப்பு இருக்கும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அந்தத் தாளில் எதுவும் வேண்டாம்.

எழுத்தாணி

பழைய மோடம் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இரண்டு வாக்கியங்கள் போதும் என்பதை ஏற்க இயலவில்லை. வங்கிக்குச் செயலி இருக்கிறது, அட்டை இருக்கிறது, சரி. பொதி வந்திருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, சிறு கட்டணம் செலுத்தினால் மறுபடி அனுப்புவோம் என்று ஒரு செய்தி வந்தால், அந்தக் கூரியர் நிறுவனத்தின் செயலி யாரிடம் இருக்கிறது? தேடுபொறியில் பெயரை இட்டுத் தேடுவார்கள். தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாகப் பணம் கொடுத்து இடம்பிடித்த போலித் தளம் நிற்கக்கூடும்; போலியான வாடிக்கையாளர் சேவை எண்களும் அப்படித்தான் மேலே வருகின்றன. உண்மையான நிறுவனங்களும் குறுஞ்செய்தியில் சுருக்கிய இணைப்புகளை அனுப்பி, அழுத்துங்கள் அழுத்துங்கள் என்று நம்மைப் பழக்கிவைத்திருக்கின்றன. (மோசடி குறித்து எச்சரிக்கும் செய்தியிலேயே, மேலும் அறிய இங்கே அழுத்தவும் என்று இணைப்பு வைத்து அனுப்பும் நிறுவனங்களை என்னவென்று சொல்வது!) எனவே ஒரு முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது எல்லாருக்கும் தேவை. அது கடினமான கலையும் அன்று.

யாரும் தவறி அழுத்திவிடாமல் இருக்க, எடுத்துக்காட்டு முகவரியைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்:

நம்வங்கி.காம்.உறுதிப்பக்கம்.டாப்/உள்நுழைவு

நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள், 'நம்வங்கி.காம்' என்று கண்ணில் பட்டதும் மனம் அமைதியடைந்துவிடுகிறது. இணைய முகவரியின் உரிமையாளர் பெயரோ வலப்பக்கத்திலிருந்துதான் தெரியும். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கே நின்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் முதலில் வரும் இரண்டு துண்டுகள்தான் உண்மையான தளப்பெயர். இங்கே அது 'உறுதிப்பக்கம்.டாப்'. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் அந்தத் தளத்துக்காரர் தம் விருப்பப்படி வைத்துக்கொண்ட கிளைப்பெயர். அங்கே எந்த வங்கியின் பெயரையும் எவரும் எழுதலாம். சில நாட்டுக் குறியீடுகளில் கடைசிப் பகுதியே இரண்டு துண்டாக இருக்கும் என்பதால், அங்கே மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும். புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு இட்டு 'நம்வங்கி-காம்.டாப்' என்றும் எழுதுவார்கள். சிறிய திரையில் நீண்ட முகவரியின் முன்பாதி மட்டுமே தெரியும் என்பதை நம்பித்தான் இந்தத் தந்திரம் நடக்கிறது. அழுத்துவதற்கு முன் இணைப்பின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் முழு முகவரியும் தெரியும்.

முகவரியைப் படித்தாலும் ஏமாற இடமுண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தமிழ் எண்ணான ௧ என்பதையும் க என்ற எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எத்தனை பேர் வேறுபாட்டைக் கவனிப்போம்? அதைப்போல, ஆங்கிலம் எழுதப் பயன்படும் லத்தீன் எழுத்தும் ரஷ்யம் எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்தும் சில இடங்களில் ஒரே வடிவம் கொண்டவை. 2017-இல் ஓர் ஆய்வாளர் முழுக்கச் சிரிலிக் எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலத் தோன்றும் ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். அன்றைய குரோமிலும் ஃபயர்ஃபாக்சிலும் அது உண்மையானதைப் போலவே தெரிந்தது. குரோம் அதைச் சரிசெய்துவிட்டது. ஆயினும் கண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதற்கு அது நல்ல சான்று.

க்யூஆர் குறியைக் கண்ணால் படிக்கவே முடியாது என்பதால், அதை எப்போதும் அறியாத இணைப்பாகவே கருத வேண்டும்.

நிழற்குடை

ஒரு சிறு சேர்க்கை. ஐபோனில், அறியாத எண்ணிலிருந்து ஐமெசேஜ் வழியாக வரும் செய்தியில் உள்ள இணைப்பு அழுத்த முடியாதபடி செயலற்று இருக்கும். நாம் அந்த எண்ணுக்குப் பதில் அனுப்பினாலோ, தொடர்புப் பட்டியலில் சேர்த்தாலோ அது உயிர்பெற்றுவிடும். அதனால்தான் அண்மைக்கால மோசடிச் செய்திகளின் கடைசி வரியில், "ஒய் என்று பதில் அனுப்பி, செய்தியை மூடி மீண்டும் திறந்து இணைப்பை அழுத்தவும்" என்று எழுதியிருக்கிறார்கள். கைபேசி தானாக இட்ட பூட்டை நம் கையாலேயே திறக்கச் சொல்லும் வரி அது. எந்த உண்மையான நிறுவனமும் இப்படிக் கேட்கத் தேவையில்லை என்பதால், இந்த ஒன்றை மட்டுமாவது அடையாளமாகத் தாளில் எழுதலாம் என்று நினைக்கிறேன். இத்தகைய செய்திகளுக்குத் திட்டிப் பதில் அனுப்புவதும் வேண்டாம். எந்தப் பதிலும் அந்த எண் பயன்பாட்டில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு உறுதிசெய்துவிடும்.

மாலைக்கதிர்

மூவருக்கும் நன்றி. முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிப்பதை அப்பாவுக்குக் காட்டினேன்; இரண்டாவது எடுத்துக்காட்டிலேயே பிடித்துக்கொண்டார். ஆனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்று எழுத்தாணி அவர்களே சொல்லிவிட்டதால் அடுத்த கேள்வி எழுகிறது. களைப்பாகவோ அவசரத்திலோ இருக்கும் ஒரு நாளில் போலிப் பக்கத்துக்குப் போய்விட்டாலும் சேதம் நேராதபடி முன்னேற்பாடு செய்ய முடியுமா? அப்பா கடவுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார். ஓடிபி வேறு வருகிறது. கடவுச்சொல் போனாலும் ஓடிபி நம்மைக் காப்பாற்றிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை, என்னுடையதும் அதுவே.

பழைய மோடம்

அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைக்க வேண்டியிருக்கிறது. இன்றைய போலிப் பக்கம், நீங்கள் தட்டச்சு செய்வதைச் சேர்த்துவைத்து நாளை பயன்படுத்தும் வெற்றுப் படிவம் அன்று. நீங்கள் கடவுச்சொல்லை இட்ட மறுநொடி அது மோசடிக்காரரிடம் போகிறது. அவர் அதை உண்மையான தளத்தில் இடுகிறார். உண்மையான தளம் உங்களுக்கு உண்மையான ஓடிபியை அனுப்புகிறது. போலிப் பக்கம் அதையும் கேட்கிறது. உங்கள் பார்வையில் எல்லாம் வழக்கப்படி நடக்கிறது. ஓடிபி வேறு ஒருவரிடமிருந்து வரவில்லை, உண்மையான வங்கியிடமிருந்தே வருகிறது என்பதால் ஐயமும் எழாது.

2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் குறைந்தது 76 ஊழியர்களுக்குக் குறுஞ்செய்தி போயிற்று. சிலருடைய குடும்பத்தாருக்கும் போயிற்று. இணைப்பில் இருந்த தளப்பெயர் அதற்கு 40 நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு முன்புதான் பதிவு செய்யப்பட்டது. எந்தத் தடைப்பட்டியலிலும் அது ஏறியிருக்க வாய்ப்பே இல்லை. இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட அந்த நிறுவனத்தில் மூன்று ஊழியர்கள் தங்கள் கடவுச்சொல்லை அந்தப் பக்கத்தில் இட்டுவிட்டார்கள். அது உடனுக்குடன் டெலிகிராம் வழியாக மோசடிக்காரரைச் சென்றடைந்தது. ஆனாலும் உள்ளே நுழைய முடியவில்லை. அங்கே ஓடிபிக்கு இடமில்லை. ஊழியர் ஒவ்வொருவரிடமும் வன்பொருள் பாதுகாப்புச் சாவி என்ற ஒரு சிறு கருவி இருந்தது. அதே காலத்தில் இதேபோன்ற செய்திகள் குறுஞ்செய்திச் சேவை வழங்கும் ட்விலியோ நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் போயின. அங்கே நுழைந்தவர்கள் வாடிக்கையாளர் சிலரின் தரவுகளைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தச் சாவியின் சூட்சுமம், அது எந்தத் தளத்துக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அந்தத் தளத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான். போலித் தளத்தில் இருக்கும்போது உலாவி அதன் உண்மையான பெயரைத்தான் சாவியிடம் சொல்லும். பெயர் பொருந்தாவிட்டால் சாவி விடை தராது. மனிதர் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. இதே நுட்பத்தைத் தனிக் கருவி இல்லாமல் கைபேசிக்குள்ளேயே தருவதுதான் பாஸ்கீ. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதத்தில் இதற்கான ஆதரவை விரிவாக்குவதாகச் சேர்ந்து அறிவித்தன. விரல்ரேகையோ திரைப்பூட்டோ போதும். நினைவில் வைக்கவும் தட்டச்சு செய்யவும் ஒன்றுமில்லை என்பதால் முதியவர்களுக்கு உண்மையில் இது கடவுச்சொல்லைவிட எளிது. உங்கள் தந்தையாரின் மின்னஞ்சல் கணக்குக்கு முதலில் பாஸ்கீ அமையுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்புகள் எல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகின்றன.

பாஸ்கீ வசதி இல்லாத தளங்களுக்குக் கடவுச்சொல் மேலாளர் செயலியைப் பயன்படுத்தலாம். அதன் பெருமை நீண்ட கடவுச்சொற்களைச் சேமிப்பதில் மட்டும் இல்லை. தளப்பெயர் பொருந்தினால் மட்டுமே அது தானாக நிரப்ப முன்வரும். வழக்கமாக நிரப்பும் செயலி ஒரு நாள் பேசாமல் இருந்தால், கையால் நிரப்பத் தொடங்காமல் முகவரியைப் பாருங்கள். சிரிலிக் எழுத்துத் தந்திரமும் அதனிடம் செல்லாது. குறிப்பேட்டைப் பற்றி நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை: இணையத்தில் இருக்கும் திருடனால் அலமாரியைத் திறக்க முடியாது. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

குறுஞ்செய்தி ஓடிபியை ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு வழியில்லாத இடத்தில் அது இல்லாததைவிட மேல். நம் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் மாற்று மோசடி போன்ற ஆபத்துகளைக் கருதி, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே அதைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்திவிட்டது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

இளங்கோடை

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இது முன்னேற்பாட்டுக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பொதிக்கான சிறு கட்டணம் என்று வந்த செய்தியை நம்பி, என் அத்தை சற்றுமுன் அட்டை எண்ணையும், அதன்பின் வந்த ஓடிபியையும் ஒரு பக்கத்தில் இட்டுவிட்டார். பணம் எதுவும் இதுவரை போகவில்லை. கடைசிப் பொத்தானை அழுத்துவதற்குள் ஐயம் வந்து பக்கத்தை மூடிவிட்டதாகச் சொல்கிறார். அப்படியானால் தப்பித்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேப்பமரத்தடி

எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வங்கிச் செயலிகளில் தற்காலிகமாக முடக்கும் பொத்தானும் இருக்கும். பொத்தானை அழுத்தாததால் பயன் இல்லை. இத்தகைய பக்கங்கள் பலவும் ஒவ்வோர் எழுத்தையும் தட்டச்சு செய்யும்போதே அனுப்பிவிடுகின்றன.

அடுத்து, அந்த ஓடிபி செய்தியைத் திறந்து, எண்ணை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வாக்கியத்தைப் படியுங்கள். நாம் எல்லாரும் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே போய்விடுகிறோம். அது எதற்கான ஒப்புதல் என்பது அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. சிறு கட்டணத்துக்கான ஒப்புதல் என்று இல்லாமல், உங்கள் அட்டையை ஒரு கைபேசிப் பணப்பையில் சேர்ப்பதற்கான குறியீடு என்று அதில் இருந்தால், அட்டை இப்போது வேறொருவரின் கைபேசியில் ஆப்பிள் பே அல்லது கூகுள் வாலட்டில் ஏறியிருக்கலாம். பொதிக் கட்டண மோசடிகளில் பலவற்றின் நோக்கமே இதுதான். உடனே பணம் எடுக்காமல் சில நாளோ சில வாரமோ காத்திருந்துவிட்டுக் கடைகளில் தட்டிச் செலவழிப்பார்கள். ஆகவே பணம் போகவில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி அன்று.

இப்படி நேர்ந்த எவரும், எந்த அளவுக்குப் போனோம் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இணைப்பை அழுத்திப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டால், கைபேசியின் மென்பொருள் புதுப்பித்த நிலையில் இருக்கும்வரை பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. கடவுச்சொல்லை இட்டிருந்தால், வேறொரு சாளரத்தில் உண்மையான தளத்துக்குப் போய் அதை மாற்றுவதோடு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற கட்டளையையும் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் சில தளங்களில் உள்ளேயே தங்கிவிடுவார். அது மின்னஞ்சல் கணக்காக இருந்தால், மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் மாறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வடிகட்டி விதிகளையும் திறந்து பாருங்கள். வங்கியின் பெயர் கொண்ட கடிதங்களைத் தானாகவே குப்பைக்கு அனுப்பும் விதி ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போவது அவர்களுடைய வழக்கம். எச்சரிக்கைகள் எல்லாம் வந்துகொண்டே இருக்கும், உங்கள் கண்ணில் மட்டும் படாது.

செயலி ஒன்றை நிறுவச் சொல்லி நிறுவியிருந்தால் நிலைமை வேறு. அதிகாரப்பூர்வக் கடைக்கு வெளியே இருந்து வந்த ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு), குறுஞ்செய்திகளைப் படிக்கவும் திரையைப் படித்து இயக்க இடம்தரும் 'அணுகல்தன்மை' வசதியைக் கையாளவும் அனுமதி பெற்றுவிட்டால், அடுத்துவரும் ஓடிபிகளை உங்களிடம் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும். அப்போது உடனே விமானப் பயன்முறையை இட்டு வைஃபையையும் நிறுத்துங்கள். வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். முக்கியமானவற்றைக் காப்பெடுத்துவிட்டுக் கைபேசியை ஆலை நிலைக்கு மீட்டமைப்பதே (ஃபேக்டரி ரீசெட்) உறுதியான வழி. திரையைப் பகிரும் செயலிகளுக்கும் இது பொருந்தும்.

அழைத்துப் பேசி ஏதேனும் குறியீட்டை டயல் செய்யச் சொன்னார்களா என்றும் அத்தையிடம் கேளுங்கள். நட்சத்திரம் 21 நட்சத்திரம் என்று தொடங்கும் குறியீடு உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடும். குரல்வழி வரும் ஓடிபிகளும் அங்கே போய்விடும். ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும்.

அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிட வேண்டாம். அனுப்புநர் பெயரும், நேரமும், முழு முகவரியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவைத்துக்கொண்டு, உங்கள் நாட்டின் இணையக் குற்றப் பிரிவிலும் வங்கியிலும் எழுத்துவழிப் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பொறுப்பு யாருடையது என்ற வழக்கு பின்னர் எழுமானால், எத்தனை விரைவாக அறிவித்தீர்கள் என்பது முக்கியமாகக் கருதப்படும். அத்தையைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். திட்டு விழும் என்ற அச்சத்தில் இரண்டு நாள் மறைத்துவைப்பவர்களுக்குத்தான் இழப்பு பெரிதாகிறது.

நெறியாளர்

இளங்கோடை அவர்களின் பதிவுக்குக் கீழே, இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிபுணர் ஒருவரைத் தமக்குத் தெரியும் என்றும், தனிச்செய்தியில் தொடர்பு கொள்ளுமாறும் வந்திருந்த பதில் நீக்கப்பட்டுள்ளது. அதை இட்ட கணக்கு இன்றுதான் தொடங்கப்பட்டது. மோசடிக்கு ஆளானவர்கள் உதவி கேட்டு எழுதும் இடங்களைத் தேடிப்பிடித்து, முன்பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிடும் இரண்டாம் கட்ட மோசடி இது. எவரும் தனிச்செய்தியில் அட்டை விவரமோ, திரைப்பிடிப்போ, கைபேசி எண்ணோ கேட்டால் கொடுக்காமல் எங்களுக்குத் தெரிவியுங்கள். மோசடி இணைப்புகளை இங்கே பகிர விரும்புவோர், எழுத்தாணி செய்ததைப் போல, அழுத்த முடியாத வடிவில் மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இளங்கோடை

வேப்பமரத்தடி ஐயா சொன்னதுதான் சரியாக இருந்தது. ஓடிபி செய்தியில் பணப்பையில் சேர்ப்பதற்கான குறியீடு என்றே எழுதியிருந்தது. அத்தை எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். வங்கியில் பேசியபோது, எங்களுக்குத் தெரியாத ஒரு கைபேசியில் அட்டை சேர்க்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அட்டையை முடக்கிவிட்டார்கள்; புகார் எண்ணும் தந்தார்கள்; புதிய அட்டை அனுப்புவார்களாம். அழைப்புத் திருப்பல் எதுவும் இல்லை. இனிச் செய்ய வேண்டியது ஏதேனும் மீதம் இருக்கிறதா?

வேப்பமரத்தடி

ஒன்று மீதம் இருக்கிறது. கைபேசிப் பணப்பையில் சேர்க்கப்படும் அட்டைக்கு, உண்மையான எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் ஒன்று உருவாக்கப்படுகிறது. அட்டை புதுப்பிக்கப்படும்போது வாடிக்கையாளருக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்பதற்காக, அந்த டோக்கனைப் புதிய அட்டையோடு தானாகவே இணைத்துவிடும் ஏற்பாடு உண்டு. ஆகவே மறுபடியும் வங்கியை அழைத்து, பழைய அட்டையில் உள்ள எல்லா டோக்கன்களையும் நீக்கிவிட்டீர்களா என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். நீக்கியதாக மின்னஞ்சலில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும், தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், உடனடி அறிவிப்பு வரும்படி செயலியில் அமைத்துவையுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் புகார் தொடர்பாக என்று யாராவது அழைத்தால், புகார் எண்ணை நீங்கள் சொல்லாமல் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னாலும் அதோடு நம்பிவிடாமல், அழைப்பைத் துண்டித்துவிட்டு அட்டையின் பின்புற எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.